வேகாத இரண்டு மூட்டை

கொளஞ்சி,

உன் பெயருக்கு வந்தாலும் இந்தக் கடிதம் உனக்கு மட்டும் எழுதியது இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் உங்கள் அடுக்குமாடியின் கீழே நாற்காலி போட்டுக் கூட்டம் நடக்கும் என்று சொன்னாயே, அங்கே நீ எழுந்து நின்று இதை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை சத்தமாகப் படிக்க வேண்டும். படித்து முடித்ததும் லிஃப்டுக்குப் பக்கத்தில் இருக்கும் அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். கேட் பக்கத்து மழைநீர்க் குழியை மூடி மேலே காங்கிரீட் போடலாமா, விமலாவைக் கமிட்டியிலிருந்து எடுத்துவிடலாமா என்று அன்றைக்கு நீங்கள் கை தூக்கப் போகிறீர்கள். கை தூக்குவதற்கு முன்னால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அந்தக் குழியைக் கெடுத்தது விமலா இல்லை. நான்.

படிக்கும்போது நீயாக எதையும் திருத்தாதே. நான் அவளை 'அவள்' என்று எழுதினால் 'அவர்' என்று மாற்றிப் படிக்கும் வேலை வேண்டாம். அவள் என்னைவிட இரண்டு வயது சின்னவள். மருமகள் திவ்யாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். உன்னையும் கொளஞ்சி என்றுதான் எழுதுவேன். அங்கே எல்லோரும் உன்னை நாதன் என்று கூப்பிடுவதும், நீ அதற்குத் திரும்பிப் பார்ப்பதும் எனக்குத் தெரியும். கொளஞ்சியப்பர் கோயிலில் மொட்டை போட்டு வைத்த பெயரில் பாதியை யார் வெட்டினார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் அவள் பெயரைத்தான் சொல்வாய்.

நான் பள்ளிக்கூடம் போனதில்லை என்பது உனக்குத் தெரியும், கூட்டத்தில் இருப்பவர்களுக்குத் தெரியாது. இங்கே விருத்தாசலத்தில் பீங்கான் பேட்டையில் பிசிறு சீவும் வேலைக்குச் சேர்ந்தேன். அச்சிலிருந்து வரும் ஃபியூஸ் கட்டையின் ஓரத்தைக் கத்தியால் வழித்து விடும் வேலை. சரக்கைச் சுற்றிக் கட்டுவதற்குப் பழைய பேப்பர் வரும். அந்தப் பேப்பரில்தான் எழுத்துக் கற்றுக்கொண்டேன். பாதி கிழிந்த செய்தியாகவே படித்துப் படித்து, மீதியை நானே யோசித்துக்கொள்ளும் பழக்கம் வந்துவிட்டது. உன் அப்பா போன பிறகு ஒரு கொட்டகையை வாடகைக்கு எடுத்து நானே சரக்குப் போட ஆரம்பித்தேன். இன்றைக்கும் என் கொட்டகையில் ஆறு பெண்கள் வேலை செய்கிறார்கள். இதையெல்லாம் சொல்வது பெருமைக்காக இல்லை. எனக்குத் தெரியாமல் நடந்துவிட்டது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. வெந்த சரக்கு எது, வேகாத சரக்கு எது என்று தெரியாதவள் இல்லை நான்.

ஆவணியில் உன் வீட்டுக்கு வந்தேன். அங்கே ஊர் வளருகிற வேகத்தைப் பார்த்து எனக்குத் தலை சுற்றியது. பஸ் நிறுத்தத்திலிருந்து உன் வீட்டுக்கு வருகிற வழியில் போன வருஷம் நான் பார்த்த குளம், இந்த வருஷம் கம்பி வேலிக்குள் மண் மேடாகக் கிடந்தது. மறுநாள் காலையில் தண்ணி லாரி வந்தபோது ஆளாளுக்குப் பால்கனியில் நின்று எட்டிப் பார்த்தார்கள். 'போர்ல தண்ணி இல்லம்மா, காத்துதான் வருது' என்றாய். அடுத்த நாள் நீ ஒரு பச்சை வாளியோடு மூன்றாவது மாடிக்குப் போய், யார் வீட்டுக் காய்கறித் தோலையோ வாங்கிக்கொண்டு கீழே வந்தாய். நான் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இங்கே சாப்பிட்ட தட்டை எடுத்து வைக்காத பிள்ளை நீ. எத்தனை தடவை சொல்லியிருப்பேன். அங்கே அடுத்தவர் வீட்டு எச்சில் குப்பையைச் சிரித்துக்கொண்டே தூக்குகிறாய். கீழே உரத்தொட்டிக்குப் பக்கத்தில் மண்வெட்டியோடு நின்றவளிடம் கொடுத்துவிட்டு, 'அம்மா, இன்னைக்கு ரெண்டு வாளி' என்றாய்.

நான் மேலேயிருந்து 'என்னடா?' என்றேன். நீ நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நீ கூப்பிட்டது என்னை இல்லை.

மற்றவர்கள் எல்லோரும் அவளை விமலாம்மா என்கிறார்கள். அதில் எனக்கு ஒன்றுமில்லை. நீ மட்டும் பெயரைக் கழற்றி வைத்துவிட்டு வெறும் அம்மா என்கிறாய். எப்போதிலிருந்து என்று கேட்டதற்கு, 'தெரியலம்மா, அப்படியே வந்துடுச்சு' என்றாய். எனக்கு அன்றைக்கு வந்தது கோபம் இல்லை கொளஞ்சி. கோபமாக இருந்தால் அப்போதே சத்தம் போட்டு முடித்திருப்பேன். பொறாமை சத்தம் போடாது. வேலை செய்யும்.

அது என்னிடம் முன்பும் வேலை செய்திருக்கிறது. நீ நாலாவது படிக்கும்போது பக்கத்து வூட்டு ராணி வைக்கிற மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைத் துவையலுக்காகத் தினமும் அவள் வீட்டில் போய்ச் சாப்பிட்டாய். 'ராணியக்கா துவையல் மாதிரி நீ அரைக்க மாட்டேங்குற' என்று ஒரு நாள் சொன்னாய். மறுநாளிலிருந்து நான் ராணியோடு பேசவில்லை. நம் தெருவுக்கு ஒரே ஒரு குழாய். நான் பேசாததால் என் சேக்காளிகள் அவளோடு பேசவில்லை. அவள் பக்கத்துக்காரர்கள் எங்களோடு பேசவில்லை. குழாயடியில் இந்தப் பக்கம் ஒரு வரிசை, அந்தப் பக்கம் ஒரு வரிசை. குழாயின் வாய் உடைந்து தண்ணீர் வீணாக ஓடியபோது இரண்டு வரிசையும் 'அவுங்க மாத்தட்டும்' என்று நின்றது. ஒரு கோடை முழுக்க ஓடியது. கடைசியில் அதை மாற்றியவள் ராணி. நான் இன்றுவரை அவளிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஒரு துவையலுக்காக ஒரு தெருவையே இரண்டாகப் பிளந்தவள் உன் அம்மா. உங்களுடையது இரண்டு பிளாக், அத்தனை வீடு. அங்கே நான் வந்தால் என்ன ஆகும் என்று நீ யோசித்திருக்க வேண்டும்.

குழி விஷயத்துக்கு வருகிறேன். மொட்டை மாடியில் விழும் மழைத் தண்ணீரைக் குழாய் வழியாக இறக்கி, மூன்று குழி வெட்டி, உடைந்த செங்கலும் ஓடும் போட்டு, மேலே மணல் நிரப்பி, தண்ணீரைப் பூமிக்குள் விட வேண்டும் என்பது அவள் யோசனை. யோசனை நல்லதுதான். நான் அதைச் சொல்லியிருந்தால் இன்னும் நல்லதாக இருந்திருக்கும். நான் அங்கே இருந்தபோது நடந்த கூட்டத்தில், காசு வசூலிக்காமல் ஒரு வீட்டுக்கு ஒரு மூட்டை உடைசல் என்று அவள் சொல்லிவிட்டாள். காசு கொடுத்தால் மறந்துவிடுவார்கள், மூட்டை சுமந்தால் மறக்க மாட்டார்கள் என்றாள். எல்லோரும் தலையாட்டினார்கள். நீ எல்லோருக்கும் முன்னால் ஆட்டினாய்.

நான் எழுந்தேன். 'செங்கல்லு எதுக்குங்க? அது நாளாவட்டத்துல ஊறிப் போயிடும். எங்க ஊரு பீங்கான் சில்லு இருக்குது. நூறு வருசம் தண்ணியில கெடந்தாலும் ஒண்ணும் ஆவாது. எம் மவன் வூட்டுலேருந்து பத்து மூட்டை தரேன்' என்றேன்.

அவள் சிரித்தாள். 'ரொம்ப சந்தோஷம்ங்க. ஆனா ஒரு வீட்டுக்கு ஒரு மூட்டை போதும். எல்லாருக்கும் ஒண்ணுதான் கணக்கு.'

'உங்க கணக்கு உங்களுக்கு. பத்துன்னா பத்து.'

எல்லோரும் கை தட்டினார்கள். நீயும் தட்டினாய். அந்தக் கைதட்டலுக்காகத்தான் மறுநாளே பஸ் ஏறி ஊருக்கு வந்தேன்.

கொட்டகைக்குப் பின்னால் கிடந்த சில்லை, என்னிடம் வேலை செய்யும் அஞ்சலையும் நானும் அள்ளினோம். எட்டு மூட்டைதான் தேறியது. மூட்டை ஏற்ற வந்த வேன்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். மூலையில் தார்ப்பாய்க்கு அடியில் வேறொரு குவியல் இருந்தது. போன மாசம் பொதுச் சூளையில் நெருப்புப் பாதியில் நின்றுபோய், வேகாமல் வெளியே வந்த சரக்கு. பார்ப்பதற்கு வெள்ளையாக, கையில் எடுத்தால் கெட்டியாகத்தான் இருக்கும். தண்ணீரில் போட்டால் நாளாக ஆகக் கரைந்து களியாகிவிடும். அதைத் திரும்ப அரைத்துக் களிமண்ணில் சேர்ப்பதற்காக வைத்திருந்தோம்.

அஞ்சலை சொன்னாள்: 'யக்கா, இது வேவாத சரக்கு. குழிக்கு ஆவாது.'

நான் ஒரு துண்டை எடுத்து விரல் கணுவால் தட்டினேன். வெந்த பீங்கான் கிண்ணென்று சொல்லும். இது மரக்கட்டையைத் தட்டியது போல் இருந்தது. எனக்குக் கேட்டது. நன்றாகக் கேட்டது. 'எட்டோட போய் எறங்கச் சொல்றியா? அவ மொகத்துல முழிக்கணும்டி. அள்ளிப் போடு' என்றேன்.

'எனக்கு இன்னா, உங்க பாவம் உங்களுக்கு' என்று அள்ளினாள்.

கூட்டத்தில் இருப்பவர்களுக்கு இதையும் சொல்கிறேன். எங்கள் பேட்டையில் ஆறு கொட்டகைக்கு ஒரே சூளை. ஒருத்தர் ஈரச் சரக்கை உள்ளே வைத்தால் அது சூட்டில் வெடிக்கும். சில்லு பறந்து அடுத்தவர் சரக்கில் ஒட்டிக்கொள்ளும். ஒருவருடைய அவசரத்தில் ஆறு பேர் உழைப்பு போகும். அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. என் சரக்கு சூளைக்குள் போவதற்கு முன்னால் அதை நான் தட்டிப் பார்க்கக் கூடாது. பக்கத்துக் கொட்டகைக்காரர் தட்டிப் பார்ப்பார். அவருடையதை நான் தட்டிப் பார்ப்பேன். யார் மேலும் சந்தேகம் இல்லை. தன் சரக்கின் சத்தம் தனக்கு எப்போதும் நன்றாகத்தான் கேட்கும், அதனால்தான். இத்தனை வருஷம் அந்த வழக்கத்தை மீறாதவள், உங்கள் குழியில் மீறினேன். அங்கே தட்டிப் பார்க்க யாரும் இல்லை. ஒரு மூட்டை கொண்டுவந்தவர்களின் மூட்டையை அவிழ்த்து, மண் கலந்திருக்கிறதா, பிளாஸ்டிக் கிடக்கிறதா என்று அவள் பார்த்தாள். பத்து மூட்டை கொண்டுவந்தவளின் மூட்டையை அவிழ்க்க அவளுக்குக் கூச்சமாக இருந்திருக்கிறது. புது ஊரில் புதிதாகச் சேர்ந்து வாழ வந்தவர்கள் நீங்கள். யார் அதிகம் கொடுக்கிறாரோ அவர் மூட்டையை முதலில் அவிழ்த்துப் பாருங்கள். இதை நான் அனுபவத்தில் சொல்கிறேன், அவிழ்க்கப்படாத மூட்டைக்காரியாக.

நான் கடைசியாக வந்ததால் கேட் பக்கத்துக் குழி எனக்குக் கிடைத்தது. எல்லோர் கண்ணிலும் படுகிற குழி. நல்ல எட்டும் அடியில் போயின. அந்த இரண்டும் மேலே. அதன் மேல் மணல். நீ என் தோளில் கை போட்டு, 'எங்கம்மா குழி' என்று போட்டோ எடுத்தாய். அவளையும் பக்கத்தில் நிற்கச் சொன்னாய். நான் கொஞ்சம் தள்ளி நின்றேன். அந்தப் போட்டோவில் பார், தெரியும்.

ஊருக்கு வந்தும் எனக்கு ஆறவில்லை. திங்கட்கிழமை கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போய்ப் பிராது கட்டினேன். கூட்டத்தில் தெரியாதவர்கள் இருந்தால் விளக்கிச் சொல். போலீஸ் ஸ்டேஷனில் மனு கொடுப்பது போல, நம் குறையைத் தாளில் எழுதி, யார் மேல் குறையோ அவர் பெயர் விலாசத்தோடு சாமியிடம் கட்டிவிட்டு வருவோம். காணாமல் போன மாட்டுக்கும், ஏமாற்றிய பங்காளிக்கும் கட்டுவார்கள். நான் எழுதியது இதுதான்: 'என் மகனை என்னிடமிருந்து எடுத்துக்கொண்ட விமலா, பி பிளாக், இரண்டாம் மாடி. அவள் அங்கே தலை நிமிர்ந்து நடக்கக் கூடாது.' வீட்டு எண்ணையும் எழுதினேன். சாமிக்கு அடையாளம் தெரியாமல் போய்விடக் கூடாதே.

ஐப்பசி மழையில் நீ போன் செய்தாய். கேட் பக்கம் தண்ணீர் இறங்கவில்லை, வண்டி நிறுத்தும் இடத்தில் முழங்கால் வரை நின்றது, லிஃப்ட் மூன்று நாள் ஓடவில்லை என்றாய். குழியின் மூடியைத் திறந்தால் வெள்ளையாகச் சேறு. அவள் கொண்டுவந்த மேஸ்திரி சிமென்ட்டுச் சட்டியைக் குழியில் கழுவிவிட்டான், அவள் கவனிக்கவில்லை என்று எல்லோரும் சேர்ந்து முடிவு கட்டிவிட்டீர்கள். யாரோ, 'குழியே வேணாம், மூடிட்டா நாலு கார் நிறுத்தலாம். தண்ணிக்கு லாரி இருக்கு' என்றார்களாம். பிறகு நீ சொன்னாய், 'நீ குடுத்த நல்ல சரக்கையும் வீணாக்கிட்டாங்கம்மா. நீ சொன்னது சரிதான். அவங்க எல்லாத்துலயும் தலையிடறாங்க. இப்ப கீழயே வர்றதில்ல.'

அவங்க என்றாய். அம்மா என்று சொல்லவில்லை. நான் கவனித்தேன்.

நாலு நாள் நான் சந்தோஷமாக இருந்தேன் கொளஞ்சி. அதையும் படி, விழுங்காதே. வெள்ளைச் சேறு என்றதுமே எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. தெரிந்தும் சந்தோஷமாக இருந்தேன். சாமி என் பிராதைப் படித்துவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அஞ்சலைக்கு என் கையால் டீ போட்டுக் கொடுத்தேன். 'இன்னா யக்கா, ஒடம்பு சரியில்லயா?' என்று அவள் பயந்துபோனாள்.

ஐந்தாம் நாள் விமலா போன் செய்தாள். என் நம்பரைத் திவ்யாவிடம் வாங்கியிருக்கிறாள்.

'நல்லா இருக்கீங்களா? ஒண்ணுமில்ல, குழியிலேருந்து ஒரு துண்டு எடுத்து வெச்சேன். டம்ளர் தண்ணியில போட்டுப் பாத்தேன். கரைஞ்சு போச்சு. அடியில இருந்ததையும் ஒண்ணு எடுத்துப் போட்டேன். அது அப்படியே இருக்கு.'

அவளே தொடர்ந்தாள்.

'அவசரத்துல கலந்திருக்கும். நீங்க தெரிஞ்சா செய்வீங்க? நான் யாருகிட்டயும் சொல்லல. நாதனுக்குத் தெரிய வேணாம், மனசு கஷ்டப்படும். நானும் கொஞ்ச நாள் சும்மா இருக்கலாம்னுதான் இருந்தேன்.'

நான் போனை வைத்துவிட்டேன். வெட்கத்தில் என்று நினைத்தால் அது பாதிதான். மீதி எரிச்சல். உன்னை எடுத்துக்கொண்டாள், போகட்டும். இப்போது உன் மனசு கஷ்டப்படாமல் பார்த்துக்கொள்கிற வேலையையும் எடுத்துக்கொண்டாளே. அது என் வேலை இல்லையா? என் தப்பைத் தன் தலையில் தூக்கிக்கொண்டு, அதற்கு என்னிடம் நலம் வேறு விசாரிக்கிறாள். அவள் பெருந்தன்மையில் நான் ஒரு நாள்கூடக் குடியிருக்க மாட்டேன். என் தப்பு எனக்கு வேண்டும். திருப்பி வாங்கிக்கொள்ளத்தான் இந்தக் கடிதம்.

ஆகவே கூட்டத்துக்குச் சொல்கிறேன். அவசரத்தில் கலந்தது இல்லை. தட்டிப் பார்த்து, சத்தம் கேட்டு, தெரிந்துதான் போட்டேன். மேஸ்திரி மேலும் குற்றம் இல்லை. குழியை மூடாதீர்கள். மேல் மணலை வாரிவிட்டு இரண்டு முழம் தோண்டினால் போதும், அந்தக் களி முழுவதும் வந்துவிடும். அதற்குக் கீழே இருப்பது நல்ல சரக்கு. அது நூறு வருசம் இருக்கும் என்று சொன்னதை நான் திரும்பப் பெறவில்லை. நாலு கார் நிறுத்த இடம் கேட்டவரிடம் மட்டும் ஒன்று கேட்கிறேன். லாரி தண்ணீர் எடுத்துவரும் ஊரிலும் ஒரு நாள் போரில் காற்று வந்தால், காரை எடுத்துக்கொண்டு எங்கே போவீர்கள்? அங்கேயும் குழி வெட்ட ஒரு விமலா இருப்பாளா?

கொளஞ்சி, உனக்குத் தனியாக ஒன்று. வெள்ளைச் சேற்றைப் பார்த்ததும் நீ ஏன் ஒரு துண்டை எடுத்துத் தண்ணீரில் போட்டுப் பார்க்கவில்லை? பீங்கான்காரி வயிற்றில் பிறந்தவன் நீ. டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்ற விமலாவுக்குத் தோன்றியது உனக்குத் தோன்றவில்லை. ஊர் சொன்னதைக் கேட்டு, நேற்றுவரை அம்மா என்றவளை ஒரே மழையில் 'அவங்க' ஆக்கிவிட்டாய். அதைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டேன் என்பது வேறு. ஆனால் பிறகு யோசித்தேன். அவளை அவ்வளவு சுலபமாக விட்டவன் என்னையும் விடுவான். நாலு பேர் ஒன்றாக ஒருத்தரைக் குற்றம் சொல்லும்போது, தட்டிப் பார்க்காமல் நம்பாதே. நான் சொன்னாலும் நம்பாதே. அன்றைக்கு முதலில் அவள் வீட்டுக் கதவைத்தான் நீ தட்டியிருக்க வேண்டும்.

இன்று காலையில் கொளஞ்சியப்பரிடம் போய்வந்தேன். கட்டிய பிராதைத் திரும்பப் பெறுவதை இங்கே ராஜினாமா என்பார்கள். காரணம் எழுதச் சொன்னார்கள். 'எதிராளி மேல் குற்றம் இல்லை, பிராது கொடுத்தவள் மேல்தான்' என்று எழுதினேன். சாமிக்கு இதில் ஒரு வேலையும் இருக்கவில்லை. என் பிராதை நானே நிறைவேற்றியிருந்தேன். பொறாமையையும் ராஜினாமா செய்கிறாயா என்று அங்கே யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன்.

சனிக்கிழமை பஸ்ஸுக்கு வருகிறேன். மண்வெட்டி பிடிக்க எனக்கு இன்னும் தெம்பு இருக்கிறது. களியை நான்தான் அள்ளுவேன், நீ குறுக்கே வராதே. இந்தத் தடவை ஒரே ஒரு மூட்டை, ஒரு வீட்டுக்கு ஒன்று. அதைக் கேட் வாசலிலேயே அவிழ்த்து வைப்பேன். அவளைக் கீழே வரச் சொல். ஒவ்வொரு துண்டாக அவள் தட்டிப் பார்க்கட்டும். எப்படித் தட்டுவது என்று தெரியாவிட்டால் சொல்லிக்கொடுக்கிறேன், அவ்வளவுதான். அதற்கு மேல் அவளோடு எனக்குப் பேச்சு இல்லை.

அவளை அம்மா என்று கூப்பிடுவதை நிறுத்தாதே. நிறுத்தினால் அதற்கும் நான்தான் காரணம் என்று ஆகிவிடும். தாராளமாகக் கூப்பிடு. நாங்கள் இரண்டு பேரும் குழியோரத்தில் இருக்கும்போதும் கூப்பிடு. இரண்டு பேரும் திரும்பிப் பார்ப்போம். நான் முதலில் திரும்புவேன்.

இப்படிக்கு,
உன் அம்மா